கேனுக்குள் தூங்கிய கன்றுகள்

சுந்தரபாண்டியம் தாண்டி ஒரு கிராமத்துக் கால்நடைக் கிளை நிலையத்தில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது என் வேலை. அரசாங்கக் காகிதத்தில் கால்நடை ஆய்வாளர் என்றிருக்கும். ஊரில் டாக்டரம்மா என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று முதல் மாதம் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை, விட்டுவிட்டேன்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். அந்த வேலையில் பெண்கள் அதிகம் இல்லை. மாட்டைப் பிடித்துக்கொண்டு வரும் ஆண்கள் என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்று, "ஐயா இல்லையா?" என்பார்கள். நான்தான் என்றால் மாட்டைப் பார்ப்பார்கள், மரத்தைப் பார்ப்பார்கள், கடைசியில் "மாட்டுக்கு ஒடம்புக்குச் சரியில்ல" என்பார்கள். மாடு காளைக்குக் கத்துகிறது என்று ஒரு பெண்ணிடம் சொல்ல அவர்களுக்கு வாய் வராது. மாட்டின் பின்பக்கம் கண்ணாடி போலச் சளி வழிந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "எப்ப இருந்து கத்துது?" என்று நானே கேட்க வேண்டும்.

வீட்டுக்காரருக்கு ராஜபாளையத்தில் நூல் மில்லில் ஷிப்டு வேலை. குடியிருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். இருவரும் கிளம்பிப் போய்விட்டால் மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால் அவளை நான் வேலை பார்த்த கிராமத்துப் பள்ளிக்கூடத்திலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். காலையில் என்னோடு பஸ்ஸில் வருவாள். மாலையில் பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்துவிடுவாள்.

எனக்கு வேலை அதிகம் வருவதும் அந்த நேரத்தில்தான். காலையில் கத்த ஆரம்பித்த மாட்டுக்குச் சாயங்காலம் ஊசி போட்டால்தான் சினை நிற்கும். நான்கு மணிக்கு மேல் வேப்பமரத்தடியில் இரண்டு மூன்று மாடுகள் நிற்கும். ஒவ்வொன்றாக இரும்புச் சட்டத்துக்குள் விட்டு, வாலை ஒதுக்கி, முழங்கைக்கு மேல்வரை இடது கையை உள்ளே விட்டுக் கர்ப்பப்பையின் வாயைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் நீளமான ஊசிக்குழலை உள்ளே செலுத்துவேன். ஆறு வயதுப் பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். கேட்காமல் இருக்குமா?

"அம்மா, மாட்டுக்கு வலிக்காதா?"

"வலிக்காது."

"காய்ச்சலா அதுக்கு?"

"இல்ல. கன்னுக்குட்டி வேணும்னு கத்துது. அதுக்குத்தான் இந்த ஊசி."

முதல் சில நாட்கள் எனக்கே பெருமையாக இருந்தது. என் தம்பி பிறந்தபோது அவனைத் தவிட்டுக்கு வாங்கியதாக வீட்டில் சொன்னார்கள். எட்டு வயதுவரை நான் அதை நம்பி, பக்கத்துத் தெரு மாவு மில்லில் போய் எனக்கும் ஒரு பாப்பா இருக்கிறதா என்று விசாரித்து, எல்லோரும் சிரித்து அவமானப்பட்டேன். என் பிள்ளையிடம் அப்படிக் கதை விடக் கூடாது, கேட்டதற்கு உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவளிடம் எத்தனை கேள்விகள் இருந்தன என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"கன்னுக்குட்டிக்கு அப்பா யாரு?"

"ஒரு காளை."

"எங்க இருக்கு?"

"ரொம்பத் தூரத்துல, ஒரு பண்ணையில."

"அது இந்த மாட்டைப் பாத்திருக்கா?"

"இல்ல."

"பாக்காம எப்படி அப்பாவாகும்?"

மாட்டுக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் கை மாட்டுக்குள் இருந்தது. மாடு வேறு திமிறிக்கொண்டிருந்தது. "அப்பறம் சொல்றேன், பேசாம இரு" என்றேன். அவள் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தாள். பிறகு அதே கேள்வியை இன்னும் சத்தமாகக் கேட்டாள், எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ.

பஸ்ஸில் கேட்பாள். கடையில் கேட்பாள். ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு, "இம்புட்டுப் பேருக்கும் ஊசி போட்டாங்களா?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்ததும் என்மேல் பாய்ந்தார். "வேலைய வேலையா வச்சுக்கோ. அவகிட்ட எதுக்குப் பாடம் எடுக்க?" என்றார். அவளை விட்டுவிட்டுப் போக வேறு இடமிருந்தால் நான் ஏன் அங்கே வைத்திருக்கப்போகிறேன் என்று கேட்டேன். மறுநாளும் அவள் என்னோடுதான் பஸ் ஏறினாள்.

அன்று சாயங்காலம் நான்கு மாடுகள் வந்துவிட்டன. ஒருவர் முந்தின நாள் கத்திய மாட்டைக் கொண்டுவந்து, போட்டே ஆக வேண்டும் என்று நின்றார். எல்லாம் முடிந்து நான் வந்து உட்கார்ந்தபோது மகள் நைட்ரஜன் கேனின் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் மார்பளவு உயரமுள்ள, கடுங்குளிரான திரவ நைட்ரஜன் நிரப்பிய அலுமினியக் கேன். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழிந்து தரையில் ஓடும். உள்ளே நீளக் கம்பிகளின் நுனியில் குவளைகள் தொங்கும். அந்தக் குவளைகளில் பேனா ரீஃபில் அளவில் நீலமும் ரோஸுமாகக் குச்சிகள். ஒவ்வொரு குச்சிக்குள்ளும் காளையின் விந்து உறைந்து கிடக்கும்.

"இதுல என்ன இருக்கு?"

"காளையோட விதை."

"வெதைன்னா?"

"அதுல இருந்துதான் கன்னுக்குட்டி வரும்."

"அப்ப இதுக்குள்ள கன்னுக்குட்டி இருக்கா?"

எனக்குக் கை வலித்தது. சேலையில் சாணம். ஆறு மணி பஸ் போய்விட்டால் அடுத்தது ஏழேகாலுக்குத்தான்.

"ஆமா, இருக்கு. தூங்குது. சத்தம் போட்டா முழிச்சிரும். பேசாம வா."

அவள் உடனே பேச்சை நிறுத்தினாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதன்பிறகு பல நாட்கள் அவள் நிலையத்துக்குள் பூனைபோல நடந்தாள், கேள்வியும் குறைந்தது. வேலை ஓடியது. அந்தப் பொய்யை நான் மறந்தேபோனேன்.

அதற்கப்புறம்தான் மாடுகள் திரும்பி வர ஆரம்பித்தன. ஊசி போட்டுச் சினை நிற்காவிட்டால் மாடு மூன்று வாரத்தில் மறுபடி கத்தும். நான்கில் ஒன்று இரண்டு திரும்பி வருவது எங்கேயும் உள்ளதுதான். ஆனால் இப்போது போட்டதெல்லாம் வந்தது. ஒரே மாட்டை இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டு வந்தவர்கள், "முன்ன இருந்த ஐயா ஒரே ஊசியில நிப்பாட்டுவாரு" என்று இரும்புச் சட்டத்தைப் பார்த்துச் சொன்னார்கள். டீக்கடையில் எனக்குக் கைராசி இல்லை என்று பேச்சாம். அதை டீக்கடைக்காரரே வந்து என்னிடம் சொன்னார், அனுதாபமாக.

நைட்ரஜன் அளவை அளவுகோல் விட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. குச்சியை இளக்கும் வெந்நீரின் சூட்டைச் சரிபார்த்தேன். ஊசிக்குழலை மாற்றினேன். தாதுஉப்பு கொடுங்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். எதுவும் பலிக்கவில்லை. தப்பு எங்கே என்று தெரியாமல் நாளுக்கு நாள் எரிச்சல் ஏறியது. அதை யார்மேலாவது காட்ட வேண்டியிருந்தது. செவலைமாட்டுக்கார அக்காமேல் காட்டினேன்.

அந்த அக்காவுக்கு இருந்தது ஒரே மாடு. செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. பால்கோவாக் கடைக்குப் பால் எடுக்கிறவர் அவர் வீட்டுப் பாலை மட்டும் தனிக் கேனில் வாங்கிப்போவார், அவ்வளவு கொழுப்பு. அந்த மாடு மூன்றாம் ஊசிக்குத் திரும்பி வந்தது.

"எப்பக்கா கத்துச்சு?"

"காலைல கோழி கூப்பிட. நேரமெல்லாம் சரியாத்தான் பாத்தேன் டாக்டரம்மா."

"சரியாப் பாத்தா ஏன் நிக்கல? நேத்தே கத்தியிருக்கும். நீங்க காட்டு வேலைக்குப் போயிட்டு வந்து, இன்னைக்குக் காலைலதான்னு சொல்றீங்க. நீங்க பாக்குற லட்சணத்துக்கு நான் பேச்சு வாங்கணுமா?"

சுற்றி நான்கைந்து பேர் இருந்தார்கள். அக்கா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். ஊசி போட்டு முடிந்ததும், "இந்தத் தடவ நின்னுரும்ல?" என்று மட்டும் கேட்டார். நான் கை கழுவப் போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள். ஊசி போட்டுவிட்டு வழக்கம்போல வாளியும் சோப்புமாக அடிபம்புக்குப் போனேன். தினமும் அங்கே எனக்குப் பத்து நிமிடமாவது ஆகும். தோள்வரை தேய்த்துக் கழுவி, சேலையை அலசி, முகம் கழுவி வருவேன். அன்றைக்குப் பம்பு காற்றை மட்டும் கக்கியது. வாளியோடு உடனே திரும்பினேன்.

அறைக்குள் கேனின் மூடி தரையில் கிடந்தது. மகள் முக்காலியில் ஏறி நின்று, ஒரு கம்பியை மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். குவளை கேனின் வாய்க்கு வெளியே வந்து அவள் முகத்துக்கு நேராக இருந்தது. அவள் கன்னத்தை உப்பி, குச்சிகளின்மேல் "ஹா... ஹா..." என்று வாயால் சூடாக ஊதிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி!"

பயந்து கம்பியை விட்டாள். குவளை உள்ளே விழுந்து புகை பொங்கியது. நான் அவளை முக்காலியிலிருந்து இழுத்து இறக்கி முதுகில் இரண்டு அடி வைத்தேன். ஈரக் கை, நன்றாக விழுந்தது.

"என்ன செய்ற? எத்தன நாளா செய்ற?"

"தெனமும்" என்றாள் அழுதுகொண்டே. "உள்ள ரொம்பக் குளிருதும்மா. கன்னுக்குட்டியெல்லாம் வெறைச்சுப் போகுமேன்னு ஊதினேன். பொறவு முழிச்சிருச்சான்னு பாத்துட்டு உள்ள வச்சிருவேன். சத்தமே போடல."

அந்தக் குச்சிகள் ஒரு நிமிடம் வெளியே வந்தால்கூடக் கெட்டுப்போகும். இளகி, மறுபடி உறைந்து, மறுபடி இளகி, உள்ளே இருந்ததெல்லாம் செத்திருக்கும். இரண்டு மாதத்துக்கு மேலாக நான் மாடுகளுக்குப் போட்டது எதற்கும் ஆகாத வெறும் நீர். அப்போதுதான் அவள் ஆள்காட்டி விரல் நினைவுக்கு வந்தது. கொஞ்ச நாளைக்கு முன்னால் நுனி வெள்ளையாகிக் கொப்புளம் கட்டியிருந்தது. சோற்றுப் பானையில் சுட்டது என்றாள், மருந்து போட்டுவிட்டேன். அந்த விரலைப் பிடித்துப் பார்த்தேன், நைட்ரஜனின் குளிரில் வெந்த விரல். அது கண்ணில் தெறித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தப் பயமும் கோபமாகவே வெளியே வந்தது. பஸ்ஸில் வீடு வரைக்கும் அவளோடு பேசவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. கேனைத் தூக்கிக்கொண்டு என் மேலதிகாரியான கால்நடை டாக்டரிடம் போனேன். மகளையும் கூட்டிப்போக வேண்டியிருந்தது, வீட்டுக்காரருக்குப் பகல் ஷிப்டு. டாக்டர் ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தவர், அதிகம் பேச மாட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு குச்சியை வெந்நீரில் இளக்கி, ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். ஐந்தாவதோடு நிறுத்தினார்.

"ஒண்ணுகூட அசையலம்மா. எல்லாத்தையும் கொட்டிரு. புதுசு தாரேன்."

என்ன காரணம் எழுதுவது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நைட்ரஜன் குறைந்ததால் கெட்டுப்போனது என்று பதிவேட்டில் நானே எழுதினேன். என் பிள்ளை பெயரை அதில் எப்படி எழுதுவது?

டாக்டர் அவருடைய கேனிலிருந்து ஒரு நல்ல குச்சியை எடுத்து இளக்கினார். "பாப்பாவ வரச் சொல்லு. எதுக்கு அடி வாங்குனோம்னு அதுவும் பாக்கட்டும்" என்றார்.

நான் அவளைத் தூக்கிப் பிடித்தேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"நெளியுது! வாலு இருக்கும்மா!"

"அதுதான் காளையோட விதை. உசிரோட இருந்தா இப்படித்தான் ஓடும். நீ தூக்கித் தூக்கி ஊதினியே, அதெல்லாம் செத்துப்போச்சு. அதுங்களுக்குக் குளிருதான் பாதுகாப்பு."

"கன்னுக்குட்டி மாதிரியே இல்லையே."

"கன்னுக்குட்டி இல்லடி. அம்மா பொய் சொல்லிட்டேன். இது பாதிதான். இன்னொரு பாதி மாட்டோட வயித்துல முட்டையா இருக்கு. ரெண்டும் சேந்து, ஒம்போது மாசம் வளந்துதான் கன்னுக்குட்டி."

அவள் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நானும் பாதி பாதியா?"

"நீயும்தான்."

"அப்பா ஊசி போட்டாங்களா?"

டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். "இல்ல" என்றேன். மாட்டுக்கு எப்படி என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன், மனிதருக்குச் சொல்லத் தமிழே இல்லாததுபோல இருந்தது. "பெரியவளானதும் சொல்றேன்" என்று எல்லா அம்மாக்களையும்போலச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. இப்படிச் சொன்னால் ஒருபோதும் சொல்ல மாட்டேன் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை மாலை பள்ளிக்கூடம் விட்டதும் அவளையும் கூட்டிக்கொண்டு செவலைமாட்டுக்கார அக்கா வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது, புது ஊசி போடலாம் என்று சொல்லத்தான். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

தொழுவத்தில் மாடு இல்லை. தொட்டியில் தண்ணீர் காய்ந்திருந்தது.

"மேய்ச்சலுக்கு விட்டிருக்கீங்களாக்கா?"

"வித்தாச்சு" என்றார் அக்கா. "இனி நிக்காதுன்னு எல்லாரும் சொன்னாவ. மூணு ஊசி போட்டும் நிக்கலையே. மலட்டு மாட்ட வச்சுத் தீனி போட எங்க போக? வெள்ளிக்கெழம ஏவாரி வந்து பிடிச்சுட்டுப் போயிட்டாரு."

வெள்ளிக்கிழமை. பம்பில் தண்ணீர் வராத அதே நாள்.

"அக்கா, அந்த மாட்டுல கொறை இல்ல. நான் போட்ட மருந்து கெட்டுப்போயிருந்துச்சு. எனக்கே முந்தாநாள்தான் தெரியும்."

அக்கா என்னையே பார்த்தார். கோபப்படுவார், திட்டுவார், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

"அப்ப நான் நேரம் சரியாத்தான் பாத்திருக்கேன்" என்றார்.

"ஆமாக்கா."

"அம்புட்டுப் பேருக்கு முன்னால என்னைய ஏசினீகளே."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விளக்குமாற்றை எடுத்துச் சுத்தமாக இருந்த தொழுவத்தைப் பெருக்க ஆரம்பித்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். பிறகு அவர் வேறொரு மாடு வாங்கினார். அதை என்னிடம் கொண்டுவரவே இல்லை, மூன்று கிலோமீட்டர் நடந்து அடுத்த ஊருக்குப் பிடித்துப் போனார். வழியில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். மற்றவர்களுக்கெல்லாம் மறுபடி இலவசமாகப் போட்டுக் கொடுத்தேன். மாடுகள் சினை நின்றன. கைராசிப் பேச்சு தானாக அடங்கியது.

அக்கா வீட்டிலிருந்து திரும்பிய அன்று பஸ்ஸில் நல்ல கூட்டம். எப்படியோ ஒரு சீட்டு கிடைத்து அவளை மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா வீட்டில் அவள் வாயே திறக்கவில்லை. பஸ் கிளம்பியதும் திறந்தாள்.

"அந்தச் செவல மாட்ட யாரு வாங்குனா?"

"வியாபாரி."

"அவரு வீட்டுல பால் கறப்பாரா?"

"இல்ல."

"பொறவு எதுக்கு வாங்குனாரு?"

கேரளாவுக்குப் போய்விட்டது, அங்கே புல் நிறைய இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. ஆனால் இனிப் பொய் சொல்லக் கூடாது என்று தீர்மானம் செய்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"கறிக்கு. வெட்டி வித்துருவாங்க."

"வெட்டிருவாங்களா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "நான் ஊதினதுக்காகவா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஒரு கணம் பேசாமல் இருந்தேன். அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது அவளுக்கு. அப்புறம் நான், "இல்லடா, அம்மாவோட தப்பு, கேனைப் பூட்டாதது அம்மாதான்" என்று எத்தனையோ தடவை சொன்னேன். அவள் ஊர் வருகிறவரை அழுதாள். முன்சீட்டுப் பெரியவர், "பிள்ளகிட்ட இதையெல்லாமா சொல்லுவாக?" என்று என்னைக் கடிந்தார்.

வீட்டில் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார். "உண்மையைச் சொன்னேன்" என்றேன். ஆனால் உண்மை என்பதற்காக மட்டும் நான் அதைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு மாத அவமானம், அக்காவின் அந்த ஒரு வார்த்தை, எல்லாம் நெஞ்சில் கிடந்தது. அதில் கொஞ்சத்தை ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் இறக்கி வைத்தேன்.

அவள் இரண்டு நாள் பால் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் டம்ளரைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எந்த மாட்டோடது?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அது உண்மை. அவள் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். நாங்கள் பஸ்ஸுக்கு ஓடினோம்.